குள்ள டரான்டுலா வளர்ப்பு: சிறிய வாடகை அறைக்கு எந்த இனம் பொருந்தும்?

வெம்பிளிவாசி (லண்டன்):

அனைவருக்கும் வணக்கம். லண்டனில் வெம்பிளிப் பகுதியில் ஒரு வீட்டின் மாடியறையில் வாடகைக்கு இருக்கிறேன். சிலந்திகள் மீது எனக்கு நெடுநாளாகவே ஆர்வம் உண்டு. இப்போது ஒரு டரான்டுலாவை முறையாக வளர்க்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். புத்தக அலமாரியில் ஒரு தட்டின் பாதியை மட்டுமே அதற்கு ஒதுக்க முடியும் என்பதால், உள்ளங்கையை மூடும் அளவுக்கு வளரும் பெரிய இனங்களை விட்டுவிட்டுக் குள்ள இனங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். பெட்டியை விட்டு அது வெளியே வரக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு அவர் ஒப்புக்கொண்டார். அவரிடம் ஒரு பூனை இருக்கிறது. கதவு திறந்திருந்தால் என் அறைக்குள் வந்து படுத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் வீட்டின் வெப்பநிலை இரவில் 18 பாகை வரை இறங்கும். பகலில் ஹீட்டர் ஓடும்போது 21 அல்லது 22 பாகை இருக்கும்.

டிரினிடாட்டின் சிரியோகாஸ்மஸ் எலிகன்ஸ், கொலம்பியாவின் ஹேப்பலோப்பஸ் (விற்பனையாளர்கள் 'பம்ப்கின் பேட்ச்' என்கிறார்கள்), நியோஹோலோதீலி இன்சீ ஆகிய மூன்றும் என் பட்டியலில் உள்ளன. இவற்றில் எது முதன்முறை வளர்ப்பவருக்கு ஏற்றது? குஞ்சுகள் மலிவாகக் கிடைக்கின்றன. சற்று வளர்ந்தவற்றின் விலை பல மடங்கு கூடுதலாக இருக்கிறது. குஞ்சாக வாங்கி வளர்ப்பது அறிவுடைமையா? சூடேற்றும் விரிப்பு வேண்டுமா? இவற்றை வைத்துக்கொள்ள பிரிட்டனில் உரிமம் எதுவும் தேவைப்படுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எட்டுக்கால் (பர்மிங்காம்):

வணக்கம் தம்பி. உரிமம் பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டத்தின் பட்டியலில் ஆஸ்திரேலியாவின் புனல்வலைச் சிலந்திகள், பிரேசிலின் அலையும் சிலந்திகள், கருப்பு விதவைச் சிலந்தி உள்ளிட்ட சில வகைகளே இருக்கின்றன. டரான்டுலாக்கள் அடங்கிய தெரபோசிடே குடும்பம் அதில் இல்லை. நீங்கள் குறிப்பிட்ட மூன்று இனங்களும் சைட்டிஸ் எனப்படும், அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியலிலும் இல்லை. ஆகவே உள்நாட்டில் முட்டையிலிருந்து வளர்க்கப்பட்ட சிலந்தியை வாங்கி வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமம் தேவையில்லை. காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா என்று விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். தெளிவாக விடை சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

இனி இனங்களுக்கு வருவோம். தெரபோசிடே குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. தென்னமெரிக்காவின் கோலியாத் சிலந்தி கால்களை விரித்தால் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் வரும்; சிரியோகாஸ்மஸ் எலிகன்ஸ் முழுமையாக வளர்ந்த பிறகும் நான்கைந்து சென்டிமீட்டரைத் தாண்டாது. இந்த இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், பெரியவற்றுக்காக எழுதப்பட்ட வளர்ப்புக் குறிப்புகளை அப்படியே சுருக்கி, பெட்டியையும் இரையையும் மட்டும் சிறிதாக்கிக் குள்ள இனங்களுக்குப் பொருத்திவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குள்ள இனங்களின் குஞ்சுகள் சாவதற்குப் பெரும்பாலும் இந்த நினைப்புதான் காரணம். உடல் சிறுத்துக்கொண்டே போகும்போது, அதன் எடையோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு கூடிக்கொண்டே போகிறது. அதனால் ஈரம் விரைவாக இழக்கப்படுகிறது. வளர்ந்த பெரிய டரான்டுலா ஒன்று பல மாதங்கள் உண்ணாமல் இருந்தும் நலமாக இருக்கும். சிரியோகாஸ்மஸ் குஞ்சுக்கு அத்தகைய சேமிப்பு கிடையாது. ஹீட்டர் ஓடும் அறையில் அதன் குப்பியிலுள்ள மண் சில நாட்களிலேயே வறண்டுவிட்டால், குஞ்சும் அதோடு சேர்ந்து வறண்டுவிடும்.

ஆகவே குஞ்சாக வாங்குவதா என்ற கேள்விக்கு என் விடை, முதல் சிலந்தியாக வேண்டாம் என்பதே. சிரியோகாஸ்மஸ் குஞ்சு முட்டைப் பையிலிருந்து வெளிவரும்போது ஏறத்தாழ கடுகளவுதான் இருக்கும். காற்றுக்காகக் குப்பியில் இடும் துளை சாதாரணத் தையல் ஊசியின் பருமன் இருந்தாலே அதன் வழியாக வெளியேறிவிடும். உங்கள் வீட்டு உரிமையாளரின் நிபந்தனை அந்த இடத்திலேயே முறிந்துபோகும். இரண்டு சென்டிமீட்டர் கால்விரிப்பைத் தாண்டிய இளம் சிலந்தியாக வாங்கினால் விலை கூடுதலாக இருக்கும். எனினும், பிழை பொறுக்கும் இடைவெளி அதற்கு ஓரளவு உண்டு.

மூன்றில் உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஹேப்பலோப்பஸ். சந்தையில் இதற்குப் பெரிய வடிவம், சிறிய வடிவம் என்று இரண்டு இருக்கின்றன. பெரிய வடிவம் எட்டு அல்லது ஒன்பது சென்டிமீட்டர் வரை வளரும் என்பதால் அதைக் குள்ள இனம் என்பதே சற்றுத் தாராளமான பேச்சுதான். ஆனால் கருத்த பின்னுடலில் ஆரஞ்சுத் திட்டுகள், பொன்னிறத் தலைமார்பு என்று பார்க்க மிக அழகாக இருக்கும், நன்றாக உண்ணும், விரைவாக வளரும், பல டரான்டுலாக்களைப் போல மாதக்கணக்கில் குழிக்குள் மறைந்துகொள்ளாமல் தன் வலையின் வாயிலில் வந்து அமர்ந்திருக்கும். ஓட்டத்தில் மட்டும் மிகுந்த வேகம் உடையது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்க இது இடம் கொடுக்காது.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் இருக்கும் பெட்டி வாழ்நாள் முழுவதற்கும் போதும். பெரிய வடிவமாக இருந்தால் 20 இருக்கட்டும். அதில் பாதி உயரத்துக்கு மேல் மண் நிரப்ப வேண்டும். உரமும் பூச்சிமருந்தும் கலக்காத தோட்ட மேல்மண்ணோடு தேங்காய் நார்த்தூளைக் கலந்து, கையால் அழுத்திக் கெட்டிப்படுத்துங்கள். நார்த்தூள் மட்டும் இருந்தால் காய்ந்தவுடன் பொலபொலவென்று ஆகி, சிலந்தி தோண்டும் வளை சரிந்துவிடும். மண்ணில் சாய்வாகப் பாதி புதைத்த ஒரு தக்கைப் பட்டையை வைத்து, அதன் அடியில் விரலால் ஒரு தொடக்கக் குழியும் செய்துவிட்டால் மீதி வேலையைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்குள் பட்டையின் விளிம்பிலிருந்து மண்ணின் மீது வெண்படலமாகப் பட்டு விரிந்திருப்பதையும், அதன் நடுவில் சுண்டுவிரல் நுழையுமளவு ஒரு வாயில் விடப்பட்டிருப்பதையும் காணலாம்.

தண்ணீர் ஊற்றுவதில்தான் கை பழக வேண்டும். மேலே தெளிக்காதீர்கள், வலை நனைந்து சிலந்திக்கு எரிச்சல் உண்டாகும், மண்ணின் மேற்பரப்பு மட்டும் ஈரமாகிப் பூஞ்சை பிடிக்கும். வளைக்கு எதிரே உள்ள மூலையில், பெட்டியின் சுவரை ஒட்டித் தண்ணீரை ஊற்றினால் அது அடிமண்ணுக்கு இறங்கிவிடும். மேல்மண் காய்ந்தும் அடிமண் கருத்தும் இருக்க வேண்டும். எந்த ஆழத்தில் இருப்பது என்பதைச் சிலந்தியே முடிவு செய்துகொள்ளும். தண்ணீர்ப் பாட்டிலின் மூடி ஒன்றில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

சூடேற்றும் விரிப்பு வேண்டவே வேண்டாம். வளை தோண்டும் உயிரினம் வெப்பம் மிகுந்தால் கீழ்நோக்கிப் போய்த்தான் தப்பிக்கும். பெட்டிக்கு அடியில் விரிப்பு இருந்தால் அது தப்பிக்கப் போகும் திசையிலேயே சூடு காத்திருக்கும். உங்கள் அறையின் வெப்பநிலை அதற்குப் போதுமானது. 18 பாகையில் உண்பதும் வளர்வதும் சற்று மெதுவாகும், அவ்வளவுதான்.

பூனையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பெட்டியைத் தள்ளிவிடும் ஆபத்தைவிட, அதன் கழுத்தில் இடப்படும் தெள்ளு மருந்து கவலைக்குரியது. ஃபிப்ரோனில் போன்றவை பூச்சிகளை மட்டுமன்றிச் சிலந்திகளையும் கொல்லக்கூடியவை. பூனையைத் தடவிய கையோடு பெட்டிக்குள் தண்ணீர் மூடியை எடுத்து வைப்பதே போதும். சோப்பால் கை கழுவாமல் பெட்டியைத் தொடாதீர்கள். கொசுவர்த்தி, மின்கொசுவிரட்டி திரவம், கரப்பான் மருந்து ஆகியவற்றையும் அந்த அறையில் பயன்படுத்தக் கூடாது. கொசுவர்த்தியிலும் அந்தத் திரவத்திலும் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகளுக்கு டரான்டுலா வேறு, கொசு வேறு என்ற வேறுபாடு தெரியாது.

மேப்பிள்நிழல் (டொராண்டோ):

எட்டுக்கால் ஐயா கூறியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். எனினும் நியோஹோலோதீலி இன்சீயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டது எனக்கு ஏமாற்றம் அளிக்கிறது. டிரினிடாட்டிலும் வெனிசுவேலாவிலும் வாழும் இந்த இனம் ஆறேழு சென்டிமீட்டர் அளவே வளரும். அரிப்பூட்டும் மயிர் இதற்குக் கிடையாது. ஹேப்பலோப்பஸும் சிரியோகாஸ்மஸும் பின்னுடலிலிருந்து அத்தகைய மயிரை உதறக்கூடியவை. அது தோலில் பட்டால் நாள்கணக்கில் அரிக்கும், கண்ணில் பட்டால் கருவிழிப் படலத்தில் தைத்து நீண்ட கால அழற்சியை உண்டாக்கும். சிறிய அறையில், முகத்துக்கு நேரான உயரத்தில் இருக்கும் அலமாரியில் பெட்டியை வைக்கப் போகும் ஒருவருக்கு இது சிறிய செய்தியன்று.

அதைவிட முதன்மையான காரணம், இந்த இனத்தைக் கூட்டமாக வளர்க்கலாம் என்பதே. ஒரே முட்டைப் பையிலிருந்து வந்த குஞ்சுகளைப் பிரிக்காமல் ஒரே பெட்டியில் வைத்தால் அவை பெட்டி முழுவதையும் பட்டுக் குழாய்களால் நிரப்பி, ஒரே இரையைப் பல சிலந்திகள் சேர்ந்து பிடித்து உண்பதைப் பார்க்கலாம். தனியாக ஒரு குழிக்குள் அமர்ந்திருக்கும் சிலந்தியைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது பல மடங்கு சுவையான காட்சி. இரை போட்ட சில நொடிகளுக்குள் நான்கு திசைகளிலிருந்தும் கால்கள் நீளும்.

வெம்பிளிவாசியின் அலமாரியில் இடம் ஒன்றுதான். அந்த ஓரிடத்தில் ஒரு குடும்பமே வாழட்டுமே என்பது என் கருத்து.

எட்டுக்கால்:

அம்மா, மயிர் பற்றிய உங்கள் எச்சரிக்கையை ஏற்கிறேன். கண் உயரத்துக்குக் கீழே உள்ள தட்டில் வைப்பதும், பெட்டியைத் துப்புரவு செய்யும்போது கண்ணாடி அணிவதும் நல்லது. கூட்டமாக வளர்க்கும் யோசனையைத்தான் முதன்முறை வளர்ப்பவருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவை ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஒன்றையொன்று உண்ணவே உண்ணாது என்று எவரும் உறுதி தர முடியாது. இரை குறைந்தாலோ, ஒன்று தோலுரித்து மெத்தென்று கிடக்கும்போது மற்றொன்று பசியோடு அந்த வழியே வந்தாலோ எண்ணிக்கை குறையும். பெட்டி முழுவதும் வலையாக இருக்கும்போது, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கவும் வழியில்லை. இறந்த ஒன்று உள்ளே அழுகினாலும் தெரியாது. அவற்றின் வேகத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒன்று வெளியே பாய்ந்தால் பிடித்துவிடலாம். மூடியைத் திறந்ததும் ஐந்து பாய்ந்தால்?

வீட்டு உரிமையாளர் ஒரு நிபந்தனைதான் விதித்திருக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

மேப்பிள்நிழல்:

ஐயாவின் ஐயம் நியாயமானதே. கூட்டத்தை இரண்டாம் கட்டத்துக்கு ஒத்திவைக்கலாம். ஆனால் தனியாக ஓர் இன்சீயை வைத்துக்கொள்வதற்கு இந்தத் தடைகள் எதுவும் பொருந்தா என்பதையும் பதிவு செய்து வைக்கிறேன்.

வெம்பிளிவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. கூட்டமாக வளர்க்கும் துணிவு எனக்கு இப்போது இல்லை. ஹேப்பலோப்பஸின் சிறிய வடிவத்தில் ஓர் இளம் சிலந்தியையே வாங்கலாம் என்று நினைக்கிறேன். மேலும் இரண்டு ஐயங்கள். பெண் என்று உறுதி செய்யப்பட்டதற்கு விற்பனையாளர்கள் கூடுதல் விலை கேட்கிறார்கள். அந்தக் கூடுதல் விலை தகுமா? அடுத்தது, தோலுரிக்கும் காலத்தை எப்படி அடையாளம் காண்பது, அப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

நுண்ணோக்கி (ஸ்டுட்கார்ட்):

ஆண், பெண் வேறுபாடு குள்ள இனங்களில் மற்றவற்றைவிட முதன்மையானது என்பேன். இவை விரைவாக வளர்பவை. ஆண் ஹேப்பலோப்பஸ் ஏறத்தாழ ஓராண்டில் முதிர்ச்சி அடைந்துவிடும். கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு அதன் முன்கால்களில் கொக்கிகள் தோன்றும். வாயருகே உள்ள உணர்கால்களின் நுனிகள் குத்துச்சண்டைக் கையுறை அணிந்தாற்போல் பருத்துவிடும். அதன் பிறகு அது உணவில் நாட்டமின்றிப் பெண்ணைத் தேடிப் பெட்டிக்குள் அலைந்து, சில மாதங்களில் இறந்துபோகும். பெண் பல ஆண்டுகள் வாழும். ஆகவே நீங்கள் இளம் சிலந்தி வாங்கும்போது அது ஆணாக இருந்தால், ஒருவேளை அடுத்த குளிர்காலத்தையே அது காணாது.

பெண் என்று விற்பவரிடம் அதை எவ்வாறு உறுதி செய்தார் என்று கேளுங்கள். உரித்த தோலில் பின்னுடலின் உட்பகுதியை, முன் இணைப் புத்தக நுரையீரல்களுக்கு (தாள் தாளாக அடுக்கிய மூச்சுறுப்புகளுக்கு) நடுவே பார்த்தால், பெண்ணுக்கு விந்து சேமிக்கும் உறுப்பு சிறு மடிப்பாகத் தெரியும். பெரிய இனங்களில் அதைக் கைக்கண்ணாடியாலேயே கண்டுவிடலாம். இரண்டு சென்டிமீட்டர் சிலந்தியின் பின்னுடல் தோல் காய்ந்து சுருண்டு ஒரு கசங்கிய நூல்துண்டாகத்தான் கையில் வரும். அதைச் சோப்புத் துளி கலந்த தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் விரித்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால்தான் எதையும் சொல்ல முடியும். உயிரோடிருக்கும் சிலந்தியின் வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்து 'பெண்' என்று சொல்பவர்கள் இந்த அளவில் ஊகம்தான் செய்கிறார்கள். தோலின் நுண்ணோக்கிப் படத்தைக் காட்டுபவருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

தோலுரிப்பு நெருங்கும்போது முதலில் உணவை மறுக்கும். பின்னுடல் பருத்து, மினுங்கி, ஆரஞ்சுத் திட்டுகள் மங்கலாகும். வளையின் வாயிலைப் பட்டாலும் மண்ணாலும் அடைத்துக்கொள்ளும். அடைத்த கதவைப் பார்த்ததும், இறந்துவிட்டதோ என்று அஞ்சித் தோண்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதிருப்பதே அப்போது நீங்கள் செய்ய வேண்டிய வேலை. தண்ணீர் மூடியை நிரப்பி வையுங்கள். அடிமண் வறளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே உயிருள்ள இரை எதுவும் இருக்கக் கூடாது, ஏனெனில் மெத்தென்ற உடலோடு கிடக்கும் சிலந்தியை ஒரு சிறு சுவர்க்கோழிப் பூச்சிகூடக் கடித்துக் குதறிவிடும்.

சிலந்தி மல்லாந்து கிடந்தால் அது தோலுரிக்கிறது. கால்கள் எல்லாம் அடிப்புறமாக மடங்கி, உடல் நிமிர்ந்த நிலையிலேயே சுருண்டு கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். டரான்டுலா தன் கால்களை நீட்டுவது தசையால் அன்று. உடலுக்குள்ளிருக்கும் குருதிநீரை அழுத்தத்தோடு கால்களுக்குள் செலுத்தித்தான் நீட்டுகிறது. நீரிழப்பால் அந்த அழுத்தம் குறையும்போது கால்கள் தாமாகவே உள்நோக்கி மடங்கும். அந்நிலையில் சிலந்தியை மெல்ல நகர்த்தி, வாய்ப்பகுதி தண்ணீர் மூடியின் விளிம்பில் படுமாறு வைத்தால் சில வேளை மீண்டுவிடும். வாய் அடிப்புறத்தில், நச்சுப் பற்களுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். புத்தக நுரையீரல்கள் பின்னுடலின் அடியில் இருப்பதால், முழு உடலையும் தண்ணீரில் வைத்துவிடக் கூடாது.

தோலுரித்த பின் நச்சுப் பற்கள் முதலில் வெண்மையாகவும், பிறகு சிவப்பாகவும், கடைசியில் கருப்பாகவும் மாறும். கருப்பாகும் வரை உணவு கொடுக்காதீர்கள். இந்த அளவுள்ள சிலந்திக்கு ஒரு வாரம் பொறுத்தால் போதும்.

உணவைப் பற்றி எவரும் எழுதவில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இரையின் உடல் சிலந்தியின் பின்னுடலைவிடச் சிறியதாக இருக்கட்டும். சிறகில்லாப் பழ ஈக்கள், சிறிய சுவர்க்கோழிப் பூச்சிகள், சிறு கரப்பான் குஞ்சுகள் ஆகியவை ஏற்றவை. வாரத்துக்கு ஒருமுறை அல்லது இருமுறை போதும். தின்று துப்பிய உருண்டையை மறுநாள் குறடால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈரமண்ணில் அது சிற்றுண்ணிகளுக்கு விருந்தாகும். ஈரம் தங்கும் பெட்டிகளில் ஸ்பிரிங்டெயில் எனப்படும் நுண்பூச்சிகளை விட்டுவைப்பது என் வழக்கம். அவை பூஞ்சையையும் எச்சத்தையும் உண்டு, சிலந்தியைத் தொந்தரவு செய்யாமல் வாழும்.

வைகைக்கரை (மதுரை):

இந்த உரையாடலைப் படித்தபோது எனக்கும் ஆர்வம் பிறந்தது. தமிழ்நாட்டில் இவற்றை வளர்க்க இயலுமா? வெளிநாட்டு விற்பனையாளர்கள் அஞ்சலில் அனுப்புவதாகச் சொல்கிறார்கள். அல்லது நம் மலைகளிலேயே இதுபோன்ற சிறிய இனங்கள் இருந்தால் ஒன்றை எடுத்து வளர்ப்பதில் தவறுண்டா?

குறிஞ்சித்திணை (கோவை):

அஞ்சலில் வரவழைக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். 2020 ஜூலையில் போலந்திலிருந்து வந்த அஞ்சல் பொதி ஒன்றைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் திறந்து பார்த்தபோது, வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு குப்பிகளில் உயிருள்ள சிலந்திகள் இருந்தன. இறக்குமதி உரிமமும் உடல்நலச் சான்றிதழும் இல்லாததால், அவற்றை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று விலங்குத் தொற்றுத்தடுப்பு அலுவலர்கள் தெரிவித்தார்கள். அட்டைப் பெட்டிக்குள் கண்டம் விட்டுக் கண்டம் இருமுறை பயணம் செய்த அந்தச் சிலந்திகளில் எத்தனை பிழைத்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். விற்பவர் 'யாரும் கேட்க மாட்டார்கள்' என்று சொல்வார். சிக்கிக்கொண்டால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

இங்கே உள்ளவற்றை எடுப்பது பற்றிக் கேட்டீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹெட்டிரோஃபிரிக்டஸ், நியோஹெட்டிரோஃபிரிக்டஸ், சஹ்யாத்ரி மலையின் பெயரைத் தாங்கிய சஹைட்ரோஅரேனியஸ் போன்ற பேரினங்களில் சிறிய பழுப்பு நிற டரான்டுலாக்கள் உண்டு. சாலையோர மண்சரிவிலும் கற்களுக்கு அடியிலும் அவற்றின் வளைகள் இருக்கும். ஒவ்வொன்றும் சிறு பரப்புக்குள் மட்டும் வாழ்பவை. ஒரு பெண் பல ஆண்டுகள் ஒரே வளையில் வாழ்ந்து முட்டையிடுகிறது. ஆண்கள் அதைத் தேடி வருகின்றன. அந்தச் சரிவிலிருந்து பெண்களை நாலைந்து பேர் தோண்டி எடுத்துப் போனால் அங்கே அந்த இனம் மீள்வது கடினம். காப்புக்காட்டில் எதையும் எடுப்பது குற்றம் என்பது தனி.

மரங்களில் வாழும் போசிலோதேரியா என்னும் பேரினத்து டரான்டுலாக்களை எவரும் தொடவே கூடாது. 1899இல் விலங்கியலாளர் போக்காக் பெயரிட்ட ஆந்திரத்தின் நீலச் சிலந்தியும், 2004இல் பெயர் பெற்ற ராமேசுவரத்துச் சிலந்தியும் மிக அருகிவிட்ட இனங்கள். இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிந்ததன்பேரில் 2019இல் ஜெனீவா மாநாட்டில் அந்தப் பேரினம் முழுவதும் சைட்டிஸின் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. நம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, சைட்டிஸ் இனங்களைத் தன் அட்டவணைக்குள் கொண்டுவந்துவிட்டது. ராமேசுவரத்துச் சிலந்தி பழைய புளியமரங்களின் பொந்துகளிலும் பனந்தோப்புகளிலும் வாழ்வது. அதைப் பெட்டியில் வைப்பதைவிட அந்த மரங்கள் வெட்டப்படாமல் இருக்க ஏதாவது செய்வது மேல்.

மழைக்காலம் தொடங்கியபின் இரவில் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, காட்டுக்கு வெளியே, அனுமதி உள்ள தோட்டங்களின் வரப்பில் மெல்ல நடந்து பாருங்கள். வளை வாயிலில் முன்கால்களை மட்டும் நீட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும். நிலம் அதிர்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். சற்று நேரம் அசையாமல் நின்றால் மீண்டும் வரும்.

வைகைக்கரை:

தெளிவாகச் சொன்னமைக்கு நன்றி ஐயா. அஞ்சல் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

வெம்பிளிவாசி:

நுண்ணோக்கியின் கீழ் எடுத்த தோல் படத்தைக் காட்டிய ஒரு வளர்ப்பாளர் கிடைத்துவிட்டார். சிறிய வடிவம், பெண், கால்விரிப்பு மூன்று சென்டிமீட்டர் என்கிறார். இப்போது சனவரி மாதம் என்பதால் கூரியரில் வாங்க அஞ்சுகிறேன். மார்ச் வரை பொறுக்க வேண்டுமா? வந்து சேர்ந்ததும் குப்பியிலிருந்து பெட்டிக்கு எப்படி மாற்றுவது?

எட்டுக்கால்:

இரவில் உறைநிலை எதிர்பார்க்கப்படும் வாரங்களில் நல்ல வளர்ப்பாளர் தாமே அனுப்ப மறுத்துவிடுவார். உங்கள் வளர்ப்பாளர் இரயில் தொலைவில் இருந்தால் நேரில் போய்ப் பெற்று, குப்பியைச் சட்டையின் உட்பையில் வைத்துக்கொண்டு வருவதே சிறந்தது. இல்லாவிட்டால் மார்ச் வரை பொறுத்திருங்கள். அதற்குள் பெட்டியை மண்ணிட்டுத் தயார் செய்து, ஈரம் எத்தனை நாளில் எந்த ஆழத்துக்கு வறள்கிறது என்று கவனித்து வையுங்கள். சிலந்தி இல்லாத பெட்டியில் இதைக் கற்றுக்கொள்வது மலிவு.

மாற்றும் நாளில் பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்துங்கள். குளியல் தொட்டிக்குள் பெட்டியை இறக்கி, அதற்குள் குப்பியைப் படுக்கை வாட்டில் வைத்து மூடியைத் திறந்தபின், சிலந்தியின் பின்னுடலுக்குப் பின்னால் மெல்லிய தூரிகையால் இலேசாகத் தொட்டால் முன்னோக்கி நகர்ந்து தக்கைப் பட்டையின் அடியிலுள்ள இருட்டுக்குள் போய்விடும். அவசரப்படுத்தினால் பாயும். போக மறுத்தால் குப்பியைத் திறந்தபடியே பெட்டிக்குள் விட்டுப் பெட்டியின் மூடியைப் போட்டுவிடுங்கள்; இரவுக்குள் அதுவே வெளியேறும், மறுநாள் வெறுங்குப்பியை எடுத்துக்கொள்ளலாம். முதல் வாரம் உணவு வேண்டாம், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். தொட்டிக்குள் பெட்டியை இறக்குவதற்கு முன் அதன் வடிகால் துளையை அடைத்துவிடுங்கள்.